உப்பின் மூலகமும் ஒட்சைட்டு ஏடுகளும்

'உப்புப் பற்றரி' என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பெயரைக் கேட்டால் கறியுப்பை நிரப்பினால் போதும் போலத் தோன்றும். அப்படியல்ல, உப்பில் உள்ள சோடியம் என்ற மூலகமே அதன் உயிர். நான் தமிழ் படிப்பிப்பவன். ஆனாலும் இவ்விடயம் எங்கட மொழியிலும் பேசப்பட வேண்டும் என்பதால் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கைத்தொலைபேசியின் இலிதியம் பற்றரியைப் பார்ப்போம். சார்ஜ் ஏறும்போது இலிதியம் அயன்கள் கதோட்டை விட்டு அனோட்டுக்குப் போகும். பாவிக்கும்போது திரும்பி வரும். அந்தக் கதோட்டுக்கு ஏற்றது இலிதியம் கோபாற்று ஒட்சைட்டு என்பதை 1980இல் ஒக்ஸ்போர்ட்டில் ஜோன் குட்இனஃப் குழுவினர் காட்டினர். 2019ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்தப் பொருளின் அமைப்பு ஏட்டுக்கட்டு மாதிரி: உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்த தட்டுகளே ஏடுகள், இடைவெளிகளில் அயன்கள் குடியிருக்கும்.

அப்படியானால் சோடியம் ஏன்? புவியோட்டில் இலிதியம் மில்லியனுக்குச் சுமார் 20 பங்கு. சோடியமோ நூற்றுக்கு 2 பங்குக்கும் மேல். கோபாற்றின் பெரும்பகுதி கொங்கோச் சுரங்கங்களில் இருந்து வருகிறது. சோடியம் பருத்த அயன் என்பதால் மலிவான இரும்பு, மங்கனீசுடன் சேர்ந்தும் ஒழுங்கான அடுக்காக அமைகிறது. அனோட்டுப் பக்கத்துச் செம்புத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியமும் போதும்.

இந்த அடுக்குகளுக்குப் பெயரிடும் முறையை 1980இல் பிரான்சின் போர்தோவில் குளோட் டெல்மாஸ் முதலானோர் வகுத்தனர். சோடியத்தைச் சுற்றி ஆறு ஒட்சிசன்கள் எண்முகியாக நின்றால் 'ஓ', அரியமாக நின்றால் 'பீ'. பக்கத்து எண், எத்தனை தட்டுக்கு ஒருமுறை அமைப்பு மீண்டும் வருகிறது என்பதைச் சொல்லும். 'ஓ3' சோடியத்தை நிறையக் கொள்ளும். ஆனால் பாதை ஒடுக்கம். 'பீ2'வில் பாதை அகலம். ஆனால் அது தொடங்கும்போதே சோடியம் மூன்றில் இரண்டு பங்குதான்.

2012இல் தோக்கியோவில் ஷினிச்சி கொமாபா குழுவினர் இரும்பு–மங்கனீசு 'பீ2' பொருளில் கிராமுக்கு 190 மில்லி அம்பியர் மணி பெற்றனர். எதிர்ப்பக்கம் சோடிய உலோகம் இருந்ததால் குறைந்த பங்கு அங்கிருந்து வந்தது. கடைக்கு வரும் பற்றரியில் அந்த வசதி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோடியம் அதிகம் வெளியேறினால் ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுகும். சில 'பீ2' பொருள்களின் கனவளவு ஐந்தில் ஒரு பங்களவு சுருங்கும். இப்படிச் சுருங்கி விரிய வெடிப்பு விழும். பற்றரி கெதியில் கிழடாகும். மக்னீசியம், தைத்தேனியம் போன்றவற்றைச் சிறிதளவு கலந்து இதைத் தணிக்கிறார்கள். ஈரக்காற்றும் இப்பொருள்களுக்கு ஆகாது. செய்யும் இடம் உலர்ந்திருக்க வேண்டும்.

பொற்றாசியம் இன்னும் பெரியது. இலிதிய அயனின் ஆரை 0.76 அங்சுத்திரோம், சோடியம் 1.02, பொற்றாசியம் 1.38. சோடியத்தை ஏற்காத பென்சிற்கரி பொற்றாசியத்தை ஏற்கும்; அது இலாபம். ஆனால் ஒட்சைட்டு ஏடுகளுக்கிடையில் பொற்றாசிய அயன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் பெரும்பாலும் இடம் நிறைவதில்லை.

அதே சக்திக்குச் சோடியம் பற்றரி பாரம் கூடியது. கைத்தொலைபேசிக்கு அது குறைதான். வீட்டு மூலையில் வைப்பதற்குப் பாரம் ஒரு குறையா? 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்க மலிவான வழி எங்களுக்குத் தேவை. நாளை யாரும் 'உப்புப் பற்றரி' விற்க வந்தால் விலையோடு இதையும் கேளுங்கள்: எத்தனை ஆயிரம் தரம் ஏற்றி இறக்கலாம்?