கல்லுக்குக் கீழே இருக்கும் வரி

ஆண்டின் தொடக்க மாதங்களில் கெடாவில் வெயில் மண்டையைப் பிளக்கும். பக்கத்து மாநிலம் பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. பீடோங், பாடாங் செராய் பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறவர் குடிக்கும் தண்ணீரெல்லாம் வியர்வையாகவே போய்விடும். சிறுநீர் கெட்டிப்பட்டு, உப்பு படிந்து, கல்லாகும்.

விலாவில் பிடித்துத் தொடையிடுக்கு வரை இழுக்கிற வலி வந்தால் முதலில் வாழைத்தண்டுச் சாறு, அப்புறம் கிளினிக்கில் ஊசி. அடங்காவிட்டால் சுங்கைப்பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள பெரிய மருத்துவமனை. அங்கே சி.டி. ஸ்கேன்.

சாய மருந்து ஏற்றாமல் எடுக்கும் இந்தப் படத்தில், கல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அகப்பட்டுவிடும். கூடவே நுரையீரலின் அடிப்பகுதி, கல்லீரல், பித்தப்பை, கருப்பை என்று இடுப்புவரை எல்லாமே விழும். ‘4 மில்லிமீட்டர் கல்’ என்பதற்குக் கீழே ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருக்கும்: சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, அட்ரினல் சுரப்பியில் முடிச்சு, நுரையீரலில் புள்ளி. ஆங்கிலத்தில் அதைப் படித்துவிட்டு ராத்தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு. கல் விழுந்ததும் தாளையே மறந்தவர்கள் அதைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

பெரும்பாலானவை சாதுவானவை. சி.டி.யை உருவாக்கி 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. மெல்லிய சுவரோடு, தண்ணீரை ஒட்டிய எண் காட்டும் நீர்க்கட்டியை விட்டுவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அது சர்வசாதாரணம். சிறிய அட்ரினல் முடிச்சு 10க்கு மேல் போகாவிட்டால் அது கொழுப்பு நிறைந்த, கெடுதலற்ற கட்டி. ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறதா என்று மட்டும் ரத்தத்தில் பார்ப்பார்கள்.

திடமான சிறுநீரகக் கட்டி அப்படியல்ல. இன்றைக்குக் கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இப்படி வேறெதையோ தேடும்போது தட்டுப்படுபவைதான். சிறுநீரில் ரத்தம் வருமுன்பே, சின்னதாக இருக்கையில் அகப்பட்டால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கிவிட முடிகிறது.

அதற்காக எல்லாவற்றையும் துரத்தினாலும் ஆபத்து. தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பெருகியதால் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு பதினைந்து மடங்கானது, சாவு குறையவில்லை. ‘முழு உடல் பேக்கேஜ்’ வாங்குகிறவர்களுக்கு அந்தக் கதை பொருந்தும். நம் தோட்டத்து ஆட்களுக்கு அல்ல.

இங்கே சிக்கல் வேறு. அவசரப் பிரிவு டாக்டர் வலியைப் பார்க்கிறார், சிறுநீரக டாக்டர் கல்லைப் பார்க்கிறார், அந்தக் கீழ்வரிக்கு ஆளில்லை. இடையில் நோயாளி பினாங்குக்கு வேலை மாறிப் போய்விடுவார். வீடு திரும்புமுன் “செலாயின் பத்து, அடா அப்பா லாகி, டொக்டர்?” (கல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது, டாக்டர்?) என்று கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டோடு படமிருக்கும் குறுந்தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஸ்கேனில் அதே முடிச்சு தென்பட்டால் டாக்டர் முதலில் தேடுவது பழைய படத்தைத்தான். பல வருடமாக அதே அளவில் கிடப்பது தெரிந்தால், பயாப்சி ஊசிக்கே வேலை இல்லாமல் போகலாம்.