கிதார் வாங்கியாயிற்று! ஆம்ப்ளிபயர் எது?

மும்பையில் தமிழர்கள் குடியிருக்கும் பகுதிகளில் கிதார் வாசிக்கும் இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று எங்கே போனாலும் ஒரு மெல்லிசைக் குழு இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுக்கள் வேறு. பகலில் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், இரவில் கிதாரை மாட்டிக் கொண்டு மேடை ஏறுகிறார்.

இளையராஜாவே கிதார்க்காரர்தான். 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் கிதார் இசையைக் கேட்டு இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்குக் கிதார் வாங்கித் தருகிறார்கள்.

கிதார் வாங்குவது பெரிய காரியம் அல்ல. அதற்கு ஆம்ப்ளிபயர் வாங்கும்போதுதான் பலர் கையைச் சுட்டுக் கொள்கிறார்கள்.

எலெக்ட்ரிக் கிதாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. தந்தியை மீட்டினால் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். அதன் குரல் முழுவதும் ஆம்ப்ளிபயர் பெட்டியில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும், கையில் உள்ள பணத்தை எல்லாம் கிதாரில் போட்டுவிட்டு, மிச்சம் மீதியைத்தான் பெட்டிக்கு ஒதுக்குகிறார்கள். சுமாரான கிதார்கூட நல்ல பெட்டியில் கேட்கும்படி ஒலிக்கும். மட்டமான பெட்டியில் எவ்வளவு உயர்ந்த கிதாரும் தகர டப்பாதான்.

வீட்டு ரேடியோவில் சொருகினால் போதாதா?

போதாது. கிதாரில் இருந்து வரும் மின்சாரம் மிகவும் மெல்லியது. அதைச் சிதையாமல் வாங்கிக் கொள்ள, கிதாருக்கென்றே அமைந்த நுழைவாய் வேண்டும். பாட்டுப் பெட்டியிலோ, கல்யாண வீட்டு மைக் செட்டிலோ நேரே சொருகினால் குரல் அடைத்துப் போனது போல் கேட்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர், உள்ளதை உள்ளபடி ஒலிக்கச் செய்யப்பட்டது. கிதார் ஸ்பீக்கர் அப்படி அல்ல. மிக உயர்ந்த சுருதிகளை அது வெட்டி விடுகிறது. அதனால்தான் கிதாரை முறுக்கி "கர்" என்று வாசிக்கும்போதும் காதுக்கு இதமாக இருக்கிறது. அதே சப்தத்தை மைக் செட்டின் கூம்பில் விட்டால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போல் இருக்கும்.

பிக்-அப் பொருத்திய மரக் கிதார் வாசிப்பவர்களுக்கு எலெக்ட்ரிக் கிதார் பெட்டியே தேவையில்லை. தேவாலயக் குழுக்களில் பெரும்பாலும் இந்தக் கிதார்தான். "டி.ஐ. பாக்ஸ்" என்ற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, அதன் வழியாக மைக் செட்டில் சேர்த்தால் வேலை முடிந்தது. இது தெரியாமல் பெரிய பெட்டி வாங்கி வைத்துவிட்டு, சப்தம் சரியில்லை என்று கிதாரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

பேஸ் கிதாரையும் கீபோர்டையும் சாதாரணக் கிதார் பெட்டியில் சேர்த்து உரக்க வாசிப்பதும் தவறு. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து போகும்.

ரேடியோ மெக்கானிக் செய்த பெட்டி

உலகப் புகழ் பெற்ற கிதார் பெட்டிகளைச் செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் ஒரு ரேடியோ மெக்கானிக். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! லண்டனில் ஜிம் மார்ஷல், டிரம்ஸ் வாசித்தவர்; வாத்தியக் கடை வைத்திருந்தவர். பெண்டரின் பெட்டி ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு 1962-ல் தன் கடையில் அவர் செய்யத் தொடங்கியதுதான் மார்ஷல் ஆம்ப்ளிபயர்.

நம் நாட்டில் 1991-க்கு முன்பு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுப் பெட்டி சாமானியர்களுக்கு எட்டாக் கனி. உள்ளூர் மெக்கானிக்குகள் மரப்பெட்டியில் வால்வையும் ஸ்பீக்கரையும் பூட்டிக் கொடுத்ததை வைத்துத்தான் பலர் கச்சேரி செய்தார்கள். இன்று கதை வேறு. 1865-ல் தொடங்கிய பர்ட்டாடோஸ் போன்ற வாத்தியக் கடைகளில் பல நாட்டுப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது என்பதுதான் இப்போது குழப்பம்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம்

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதுதான். 100 வாட் பெட்டி 50 வாட் பெட்டியைப் போல இரண்டு மடங்கு சப்தம் தரும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தெரியும், அவ்வளவுதான். சப்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். அதாவது, 10 வாட் பெட்டியைப் போல இரண்டு மடங்கு முழங்குவதுதான் 100 வாட் பெட்டி.

ஸ்பீக்கரும் கணக்கில் சேரும். ஒரே வாட்டில் ஒரு ஸ்பீக்கர் 97 டெசிபலும் மற்றொன்று 100 டெசிபலும் தரலாம். இரண்டாவதை மாட்டினால், காசு செலவில்லாமல் வாட்டை இரட்டிப்பாக்கியது போல.

வால்வு பெட்டியா, டிரான்சிஸ்டர் பெட்டியா என்பது அடுத்த கேள்வி. பழைய வால்வு ரேடியோவின் இனிமையைக் கேட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். வால்வு பெட்டி திணறும்போதும் குரல் கெடாது. டிரான்சிஸ்டர் திணறினால் கரகரக்கும். அதனால் 15 வாட் வால்வு பெட்டி மேடையில் 40 வாட் டிரான்சிஸ்டர் பெட்டிக்கு ஈடு கொடுக்கிறது. ஆனால் வால்வு தேயும், மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் போட்டு வாசித்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்து போகும். எடையும் அதிகம். "வாக்ஸ் ஏ.சி.30" என்ற புகழ் பெற்ற பெட்டி 30 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு மாலை ஆறு மணிக்கு தாதரில் லோக்கல் ரெயில் ஏற முடியுமா? லக்கேஜ் பெட்டியில் ஏறினாலும், இறங்க இடம் விட வேண்டுமே! வேலைக்குப் போய்க்கொண்டே வாசிப்பவர்கள் வால்வு மோகத்தை ஒத்தி வைப்பது நல்லது.

பத்துக்குப் பத்து அறையில்

சாலில் ஒரே அறை. ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் குழந்தை தூக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம். இங்கே எத்தனை வாட் வேண்டும்?

ஒரு வாட் போதும்! அந்த ஒரு வாட்டே ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபலுக்கு மேல் முழங்கக் கூடியது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை இரவுக் கணக்கு. விதி இருக்கட்டும், பக்கத்து வீட்டாரின் முகத்தையும் தினமும் பார்க்க வேண்டும் அல்லவா?

வீட்டுக்கு 3 முதல் 10 வாட் வரையுள்ள சின்னப் பெட்டி பார்த்தால் போதும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது வாட் அல்ல; ஹெட்போன் துளை இருக்கிறதா என்பதுதான். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருகிறவரும் யாரையும் எழுப்பாமல் பயிற்சி செய்யலாம். பேட்டரியில் ஓடும் பெட்டியானால் மொட்டை மாடிக்கும் எடுத்துப் போகலாம்.

ஒத்திகையும் மேடையும்

டிரம்ஸ் சேர்ந்துவிட்டால் சின்னப் பெட்டி எடுபடாது. டிரம்ஸ்காரர் கையை ஓங்கினால் 100 டெசிபலைத் தாண்டும். ஒத்திகைக்கு டிரான்சிஸ்டர் பெட்டி என்றால் 40 முதல் 60 வாட், ஸ்பீக்கர் 10 அல்லது 12 அங்குலம் இருக்க வேண்டும்.

மேடைக்கு இன்னும் பெரியது வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். ஆள் உயர 100 வாட் மார்ஷல் அடுக்கு பிறந்தது 1965-ஐ ஒட்டி. "தி ஹூ" குழுவினர் இன்னும் சப்தம் வேண்டும் என்று கேட்டதால் வந்தது அது. அந்த நாளில் மைக் செட்டுகளுக்குப் பலம் இல்லை. கிதார் பெட்டியே கூட்டம் முழுவதற்கும் கேட்க வேண்டியிருந்தது. இன்று பெட்டியின் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் மைதானத்துக்கே கேட்கும். பெட்டி, வாசிப்பவர் காதுக்குக் கேட்டால் போதும்.

ஆகவே ஒரே பெட்டி வாங்கும் வசதி உள்ளவர்கள், வாட்டைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பார்க்கலாம். 2016-ல் வந்த "பாஸ் கட்டானா" வரிசையில் 50 வாட் பெட்டியை 25 வாட்டுக்கும், அரை வாட்டுக்கும் இறக்கிக் கொள்ளலாம். வீட்டுக்கும் அதுவே, கணபதி பந்தலுக்கும் அதுவே.

உயிர் விஷயம்!

சப்தத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அது எர்த்.

1972-ல் பிரிட்டனில் ஸ்வான்சி நகரில் "ஸ்டோன் தி குரோஸ்" குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கை ஈரக் கையால் தொட்டார். மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். 1976-ல் "யார்ட்பேர்ட்ஸ்" குழுவில் பாடிய கீத் ரெல்ப், தன் வீட்டில் கிதார் வாசிக்கும்போது அதே விதமாக இறந்தார்.

காரணம் எளிது. கிதாரின் தந்தி, கம்பி வழியாகப் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. பாடகர் வாய் வைக்கும் மைக், வேறொரு பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றில் எர்த் இல்லாமல் மின்சாரம் கசிந்தால், தந்தியில் கை, மைக்கில் உதடு – நடுவில் மனிதன்தான் கம்பி!

பந்தல்களில் நடப்பது என்ன? "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் முனையை வெட்டி விடுகிறார்கள். இரண்டு ஓட்டை போர்டில் கம்பியைச் சொருகி தீக்குச்சி வைத்து அடைக்கிறார்கள். கணபதி விழா மழைக் காலத்தில் வருவது. தரை ஈரம், கை ஈரம், பெரும்பாலும் ஜெனரேட்டர் மின்சாரம். வேறு என்ன வேண்டும்?

இரைச்சலைப் போக்க வேறு வழி உண்டு. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே போர்டில் இருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் டி.ஐ. பாக்ஸில் உள்ள "கிரவுண்ட் லிப்ட்" சுவிட்சைத் தட்டலாம். அது பாட்டுக் கம்பியின் தொடர்பை மட்டும் துண்டிக்கும்; மின்சார எர்த்தைத் தொடாது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி போர்டுக்கு ஒரு ஈ.எல்.சி.பி. மாட்டச் சொன்னால், கசிவு ஏற்பட்ட கணமே மின்சாரம் நின்றுவிடும். வாசிக்கும் முன் டெஸ்டரை மைக் மூடியிலும் கிதார் தந்தியிலும் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. விளக்கு எரிந்தால் அமைப்பாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மேடை ஏறக்கூடாது.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு

சோர் பஜாரிலும் தெரிந்தவர் மூலமும் பழைய பெட்டிகள் கிடைக்கின்றன. தவறில்லை. சொந்தக் கிதாரைக் கொண்டு போக வேண்டும். கடைக் கிதாரில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். கால் மணி நேரமாவது உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும்; சில கோளாறுகள் சூடான பிறகுதான் தலை காட்டும். எல்லாத் திருகுகளையும் திருப்பும்போது கரகரவென்றால் தூசிதான், பயம் இல்லை. எரிந்த வாடை வந்தால் வந்த வழியே திரும்பி விடலாம். ஸ்பீக்கர் காகிதத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வந்த பெட்டி என்றால் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகக் கூடாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. லாமிங்டன் ரோட்டில் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும். பெட்டி இழுக்கும் வாட்டைவிடக் கூடுதல் தாங்குவதாக அது இருக்க வேண்டும். இழுக்கும் வாட் வேறு, ஒலிக்கும் வாட் வேறு. 15 வாட் வால்வு பெட்டி, மின்சாரத்தில் இருந்து அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த எண்ணும் பெட்டியின் பின்புறத் தகட்டிலேயே இருக்கிறது.