கூடைப்பந்துத் திடலில் ஒரு குருவானவர்

ஞாயிறு பூசைக்கு வரும் வாலிபர்கள் கோவில் வாசலோடு நின்றுவிடுகிறார்களே என்று பெற்றோர் குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறோம். அவர்களை உள்ளே அழைப்பது எங்ஙனம் என வினவுவோர்க்குத் துறைமுக நகராகிய திருகோணமலை ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை பிறந்த இடம் பிரசங்க பீடமன்று, கூடைப்பந்துத் திடல்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜென்னிங்ஸ் ஊரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் யூஜின் ஜோன் ஹேபியர். 1941இல் இயேசு சபையிற் சேர்ந்த அவர், 1948இல் இலங்கைக்கு வந்தார். நாடு சுதந்திரம் பெற்றுவிட்டபோதிலும், திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையிலேயே 1957 வரை இருந்தது. அந்நகரின் புனித சூசையப்பர் கல்லூரியில் ஹேபியர் அடிகளார் பணியாற்றி, மாணாக்கருக்குக் கூடைப்பந்து பயிற்றினார்.

விளையாட்டுக்கும் பக்திக்கும் யாது தொடர்பு என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கூடைப்பந்தே ஒரு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்திற் பிறந்த விளையாட்டு. 1891இல், மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் அச்சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் அடங்காத இளைஞர் வகுப்பொன்றுக்காக இதனை வகுத்தார். பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதிவைத்தார். பந்தைப் பிடித்தவன் அதனைக் கையிலேந்தி ஓடலாகாது. தோழனுக்கு எறிய வேண்டும். பிறனை இடித்துத் தள்ளலும் ஆகாது. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்பவனுக்கு அங்கு இடமில்லை. ஞானோபதேச வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை, இவ்விதி ஒரு கணத்தில் உணர்த்திவிடும் அன்றோ?

ஆயினும் விதியைக் காட்டிலும் பெரிது, அதனைக் கற்பிக்க வெயிலில் வந்து நிற்கும் மனிதர். ஆண்டுக்கொருமுறை இளைஞர் விழா எடுத்து, மாலை சூட்டி, நெடிய உரை நிகழ்த்திவிட்டு வீடு செல்வது எளிது. நாள்தோறும் மாலையில் பிள்ளைகளோடு வியர்த்து நிற்பது எளிதன்று. அங்ஙனம் நிற்பவரைப் பிள்ளைகள் திடலில் அறிந்துகொள்கின்றனர். திடலில் அறிந்தவர் பீடத்தில் ஏறும்போது அந்நியராகத் தோன்றுவதில்லை.

பிற்காலத்தில் அடிகளார் மட்டக்களப்புக்குச் சென்றார். அங்கும் புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்து பயிற்றினார்; இளைஞருக்குத் தொழில் கற்பிக்கும் நிலையமொன்றை நடத்தினார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மட்டக்களப்புச் சமாதானக் குழுவிலிருந்த அவர், தாயகம் திரும்பாமல் மக்களோடு தங்கினார். ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 66.

அவருடன் பயணஞ்செய்த தமிழ் இளைஞரும் வீடு திரும்பவில்லை.