பில் போடாத பொருள் பையில் இருந்தால் திருட்டு வழக்கா?



தீபாவளி, பொங்கல் வந்தால் ஆலத்தியூரிலிருந்து நாம அரியலூருக்கோ பெரம்பலூருக்கோ பஸ் ஏறிப் போய்த்தான் சாமான் வாங்குகிறோம். பெரிய கடைகளில் இப்போது பொருளை நாமே எடுத்துக் கூடையில் போடுகிறோம். இடுப்பில் குழந்தை, கடை நிறைய கூட்டம். ஒரு சோப்பு பில் போடாமல் பையில் தங்கிவிட்டால் "திருடிட்டே" என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். கோர்ட் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுமா?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-ம் பிரிவு திருட்டைப் பற்றியது. அடுத்தவர் வசமுள்ள பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினால் திருட்டு. இதில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது.

கடை வாசலைத் தாண்டினால்தான் திருட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லைங்க, நகர்த்தினாலே போதும். ஆனால் எடுத்துப் பார்க்கச் சொல்லி கடைக்காரரே பொருளை வைத்திருக்கிறாரே! அதனால் எண்ணம்தான் முக்கியம். பொருளை நகர்த்தும்போதே அந்த எண்ணம் இருக்க வேண்டும் என்று 1957-ல் ஒரு விமானத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனசுக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1981-ல் அமெரிக்காவின் நியூயார்க் கோர்ட்டுக்கு இதே மாதிரி கடை வழக்குகள் வந்தன. பொருளை ஒளித்தாரா, விலைச்சீட்டைப் பிய்த்தாரா, வாசல் பக்கம் நகர்ந்தாரா என்று நடத்தையைத்தான் பார்த்தார்கள். நம் கோர்ட்டிலும் சூழ்நிலையை வைத்தே எண்ணத்தை முடிவு செய்கிறார்கள். கேமரா பதிவைக் காட்டினால் சட்டப்படியான சான்றிதழும் கூடவே வரவேண்டும்.

போலீஸ் கொடுத்த காகிதத்தில் குற்றத்துக்கு அடிப்படையே இல்லை என்றால், மாஜிஸ்திரேட் காரணம் எழுதி விடுவிக்க வேண்டும். நீதிபதி வெறும் தபால் நிலையம் போல இருக்கக் கூடாது என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பலமான சந்தேகம் இருந்தால் வழக்கு தொடரும்.

நம் பெண்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். "எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா" என்பார்கள். போலீசிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது. கடைக்காரரிடம் எழுதித் தந்த கடிதம் அப்படி அல்ல, கோர்ட்டுக்கு வரலாம். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டவே வேண்டாம். அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும் என்று கோர்ட்டில் "ஒத்துக்கிறேன்" என்பதும் ஆபத்து. அது தண்டனையாகப் பதிவாகிவிடும்.

எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 303-ல் பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. 305 போட்டால் கதை வேறு. அது வீட்டிலோ, பொருள் வைக்கும் கட்டிடத்திலோ நடக்கும் திருட்டு. ஏழு வருடம் வரை சிறை உண்டு, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. எந்தப் பிரிவு பொருந்தும் என்று வாதாட வக்கீல் தேவை.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரியலூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் போன் செய்யலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலும் கடை பில்லும் கையில் இருக்கட்டும்.