ஒட்டும் உறவும்

பழமரச் செய்கையிற் பழகியோர் யாவரும் ஒட்டுமரத்தின் பயனை அறிவர். விதையிலிருந்து முளைக்குங் கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டு வருமென்று நம்பியிருத்தல் இயலாது. கறுத்தக்கொழும்பான் போன்ற நல்லினமொன்றை மாற்றமின்றிப் பெருக்க வேண்டுமாயின், அதன் கிளையையோ அரும்பையோ வேறொரு கன்றின்மேல் வாழவைத்தல் வேண்டும். வேரைத் தருங் கன்றை ஒட்டுக்கட்டை என்றும், மேலே வைக்கப்படுவதை ஒட்டுமுளை என்றும் கூறுவர். எம்மரம் எம்மரத்தோடு ஒட்டும், எது ஒட்டாது, அதற்குக் காரணம் யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மரத்தின் பட்டைக்கும் உள்ளிருக்கும் காழுக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய படையொன்றுளது. அப்படையே உட்புறத்திற் காழையும் வெளிப்புறத்தில் உரியத்தையும் இடையறாது ஆக்குகின்றது. காழ் வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்லும். உரியம் இலையிலாகும் உணவைக் கீழே கொண்டு வரும். ஒட்டுக் கட்டும்போது இரு மரங்களின் மாறிழையங்களும் ஒன்றையொன்று தொடுமாறு வைக்கிறோம். வெட்டுவாயில் இரு பக்கத்திலிருந்தும் மென்கலங்கள் பெருகி இடைவெளியை நிரப்புகின்றன. பின்னர் அவற்றினூடே புதிய மாறிழையம் தோன்றி, இரு மரங்களின் குழாய்களையும் தொடுத்து விடுகின்றது. இத்தொடுப்பு நிறைவேறினால் மட்டுமே ஒட்டு வாழும்.

பனை, தென்னை, வாழை என்பவற்றில் இத்தகைய மாறிழையம் இல்லை. ஆகவே வளர்ந்த பனையையோ தென்னையையோ ஒட்டுக் கட்டுதல் இயலாது. எனினும், முளைவிடும் விதையின் கருநிலையில் ஒருவித்திலைத் தாவரங்களையும் ஒட்டலாமெனக் கேம்பிரிட்சு ஆராய்ச்சியாளர் 2022ஆம் ஆண்டிற் காட்டினர். அது ஆய்வுகூடத்துச் செயலேயன்றி, நம் தோட்டங்களுக்கு இன்னும் வந்திலது.

பால் வடியும் மரம் பால் வடியும் மரத்தோடு ஒட்டுமென்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. பலாவும் பால் வடிக்கும். சப்போட்டாவும் பால் வடிக்கும். ஆயினும் அவை வெவ்வேறு குடும்பத்தன, ஒன்றோடொன்று ஒட்டா. புறத்தோற்றமன்று, பிறப்புறவே இங்கு அளவுகோலாகும். ஓரினத்துள் ஒட்டுதல் மிக எளிது; மாவின்மேல் மா ஒட்டுவதை நாம் நாள்தோறுங் காண்கிறோம். ஒரே சாதியைச் சேர்ந்த வேறினங்கள் பலமுறை ஒட்டும். சாதி வேறாகிக் குடும்பம் மட்டும் ஒன்றாயின் ஒட்டுதல் அரிது. மாவும் மரமுந்திரிகையும் ஒரே குடும்பத்தனவாயினும், ஒன்றன்மேல் ஒன்றை வைத்து மரமாக்கிப் பயன்கொள்வார் இலர்.

இவ்விதிக்கு நம்மவர்க்கு நன்கு விளங்கக்கூடிய சான்று வன்னிக் காட்டுப் பாலையாகும். சப்போட்டா மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரியது. பாலை இந்தியாவிலும் ஈழத்தின் வறண்ட காடுகளிலும் வளர்வது. இரண்டுக்கும் இடையே பெருங்கடல் கிடக்கின்றது. எனினும், இந்தியாவிற் சப்போட்டாவுக்குச் சிறந்த ஒட்டுக்கட்டையாக விளங்குவது பாலையே. கோயில் விளக்குக்கு எண்ணெய் தரும் இலுப்பையும் அக்குடும்பத்ததே. அதன்மேலும் சப்போட்டாவை ஒட்டிப் பார்த்தனர். வளர்ச்சியிலும் விளைவிலும் பாலையே மேம்பட்டது. பாலையின் குறை யாதெனில், அதன் கன்று மெல்ல வளர்வதால் ஒட்டுதற்கேற்ற பருமனடைய ஏறத்தாழ 2 ஆண்டு செல்லும் என்பதே. தாவரவியலார் முன்னர் இவ்விரு மரங்களையும் வெவ்வேறு சாதிகளில் வைத்திருந்தனர். பாலையை 1915இலும் சப்போட்டாவை அதன் பின்னரும் மணில்காரா என்னும் ஒரே சாதியிற் சேர்த்தனர். நூலோர் வகுத்த உறவும் தோட்டக்காரன் கத்தி காட்டிய உறவும் இங்கு ஒன்றாயின.

இனி, உறவு நெருங்கியதாயின் ஒட்டு நிலைக்குமென்று துணிதலும் ஆகாது. சீனத்து மூவிலைத் தோடை குளிர்காலத்தில் இலையுதிர்ப்பது. நாம் உண்ணும் இனிப்புத் தோடையோ என்றும் பசுமையானது. ஆயினும் முன்னதன்மேற் பின்னது நன்கு வாழ்கின்றது. அதே மூவிலைத் தோடையின்மேல் யுரேக்கா என்னும் எலுமிச்சையை வைத்தால், தொடக்கத்திற் செழித்துச் சில ஆண்டுகளின் பின்னர் ஒட்டுவாயில் நலிந்து போகின்றது. இவ்வாறு காலந்தாழ்த்தித் தோன்றும் பொருந்தாமையே செய்கையாளனுக்குப் பேரிழப்பாகும். ஒட்டுவாய் அளவுக்கு மீறிப் புடைத்தல், இலை மஞ்சளித்தல், இளமரம் பருவமின்றி மிகுதியாகப் பூத்தல், காற்றுக்கு ஒட்டுவாயில் அறுத்தாற்போல முறிதல் என்பன அதன் அறிகுறிகளாம்.

மரம் வாடுவதெல்லாம் பொருந்தாமையாலன்று என்பதற்கும் ஒரு வரலாறுண்டு. புளிப்புத் தோடையின்மேல் ஒட்டிய இனிப்புத் தோடை மத்தியதரைக் கடல் நாடுகளில் நெடுங்காலம் செழித்திருந்தது. தென்னாபிரிக்காவிலும் யாவாவிலும் அதே ஒட்டு வாழவில்லை. யாவாவில் ஆராய்ந்த தொக்சோபியசு என்பார், இனிப்புத் தோடையின் இலையிலாகும் ஏதோவொரு பொருள் புளிப்புத் தோடையின் வேருக்கு நஞ்சாகின்றது என 1937இற் கருதினார். அக்காலத்திலேயே பிரேசிலிலும் ஆர்சென்டீனாவிலும் இத்தகைய மரங்கள் இலட்சக்கணக்கில் மடிந்தன. துயரம் எனப் பொருள்படும் திரித்தேசா என்னும் பெயரை அந்நோய்க்கு அந்நாட்டார் இட்டனர். அது செடிப்பேன் பரப்பும் நோய் என்பதை 1946இற் பிரேசில் நாட்டு மெனெகினி காட்டினார். அந்த வைரசு ஒட்டுவாய்க்குக் கீழேயுள்ள உரியத்தை அழித்து வேரைப் பட்டினியிடுகின்றது. இரு மரங்களும் தனித்தனியே தாங்கும் நோயை, அவை கூடிய கூட்டுத் தாங்கவில்லை.

ஒட்டு நன்றாகப் பொருந்தினும் தீங்கு வேறு வழியில் வருதல் கூடும். அன்னமுன்னாவின் உறவான ஒரு சதுப்புநில மரம் ஒட்டுக்கட்டையாகப் பயன்படுமென்று 19ஆம் நூற்றாண்டில் ஈழத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அவுத்திரேலியாவின் குயின்சுலாந்துக்கும் 1912ஆம் ஆண்டளவில் அதன்பொருட்டே சென்றது. நீர் தேங்கினும் அதன் வேர் அழுகாது. அக்குணமே பின்னர் வினையாயிற்று. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலும் குயின்சுலாந்து நீர்நிலைகளிலும் அது தானே பரந்து, நாட்டுச் செடிகளை நெருக்குகின்றது.

ஆகவே ஒட்டுக்கட்டையைத் தெரிதல், ஒட்டுமுளையைத் தெரிவதிலும் குறைந்த வேலையன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற்றரையிலே கிணறுகள் பல உவராகி வருகின்றன. இசுரேல் நாட்டார் சுண்ணத்தையும் உப்பையுந் தாங்கும் 13-1 என்னும் மாவினத்தைத் தெரிந்து ஒட்டுக்கட்டையாக்கினர். நம் ஊர் வளவுகளிலும் உவர்நீர் குடித்துக் காய்க்கும் பழைய மாமரங்கள் உள. அவற்றின் விதைகளை இட்டுக் கன்றாக்கி, எக்கன்று தாங்குகின்றது, எது கருகுகின்றது என்று ஆண்டுதோறுங் குறித்து வருதல் மாணவரால் இயலாத காரியமன்று. கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் அடுத்த தலைமுறை உண்ண வேண்டுமாயின், அவற்றைத் தாங்கும் வேரை இன்றே தேடுதல் நம் கடனாகும்.