பாதமலை யாத்திரையும் இராத்தரிப்பு வாகனங்களும்

படுக்கையும் அடுப்பும் பொருத்திய வாகனத்தில் குடும்பத்தோடு காடு காணப் புறப்படுவது மேலை நாடுகளில் செலவு மிகுந்த பொழுதுபோக்காகும். எமது நாட்டிலோ பாய், தலையணை, சோற்றுப் பானை, விறகுக்கட்டு அனைத்தையும் வாடகை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழக்கம் நெடுநாட்களாக உண்டு. பெயர்தான் வேறு.

உந்துவப் பௌர்ணமியில் ஆரம்பிக்கும் யாத்திரைப் பருவம் வெசாக் பௌர்ணமியுடன் நிறைவுறுகிறது. 2,243 மீற்றர் உயரமான இம்மலை முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த இப்னு பதூதா, பாவா வழி, மாமா வழி என இரு பாதைகளைக் குறிப்பிட்டு, முன்னையதே கடினமானது என்று எழுதியுள்ளார்.

சப்ரகமுவப் பக்கத்திலும் இன்று பிரதானமாக இரு வழிகள் உள்ளன. ஒன்று குருவிட்ட, எரத்ன ஊடாகவும் மற்றையது இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல ஊடாகவும் செல்கின்றது. நல்லதண்ணி வழியைவிட இவை நீளமானவை; அட்டைக்கடியும் அதிகம். எரத்னவுக்கும் பலாபத்தலவுக்கும் அப்பால் நடைதான். 1940இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சுமார் 22,000 ஹெக்டயர் வனம் அங்கு விரிகிறது.

களுகங்கை ஊற்றெடுப்பதும் இம்மலைத் தொடரிலேயே. அடிவாரத்து ஓடையில் பாத்திரம் கழுவி, மிச்சச் சோற்றையும் பொலித்தீனையும் கொட்டிவிட்டுப் போகிறவருக்கு அது ஒரு நாள் தரிப்பிடம் மாத்திரமே. கீழே தோட்ட லயன்களில் வாழ்வோருக்கோ அத்தகைய ஓடையே குடிநீர். குழாயில் வந்து சேர்வது மேலே கழுவி விட்டதுதான்.

இதனிலும் பாரதூரமானது, வாகனத்தை இரவில் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. 2003 மே 17இல் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலையே சரிந்து குடியிருப்புகளை மூடியது. 2017 மே மாத இறுதியில் மீண்டும் இரத்தினபுரி. மூன்றும் மே மாதம் என்பது கவனிக்கத்தக்கது. தென்மேல் பருவமழை வலுக்கின்ற அந்நாட்களில்தான் வெசாக்கை ஒட்டிக் கடைசி யாத்திரிகர்களும் வாகனங்களில் வந்து சேருகின்றனர்.

ஆகவே, செங்குத்தாக வெட்டப்பட்ட மண்மேட்டின் கீழும் ஆற்றங்கரையிலும் வண்டியை நிறுத்தி உறங்குதல் ஆகாது. புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்வது சிரமமான காரியமுமன்று. நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரங்கள் சாய்தல், தெளிந்த ஓடை திடீரெனச் சேறாகக் கலங்குதல் அல்லது ஊற்று சட்டென நின்றுபோதல் ஆகியன சரிவுக்கு முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் பொருட்களை எடுப்பதற்கும் தாமதிக்காமல் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். வெளியூர் சாரதிக்கு இவை புலப்படாமற் போகலாம். அருகிலுள்ள லயத்தில் ஒரு வார்த்தை விசாரித்தால், எந்த மேடு மழைக்குத் தாங்காது என்பதை அங்குள்ளவர்களே சொல்லிவிடுவார்கள்.