எறையூர் ஆலையில் தாய்ப்பாலுக்கு இடம் எங்கே?

எறையூர் என்றால் முன்பெல்லாம் சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும்தான் நினைவுக்கு வரும். 2022 நவம்பர் 28-இல் அங்கே சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. காலணித் தொழில் வந்தது. பருத்திக் காட்டில் குனிந்து நின்ற பெண்கள் மாதச் சம்பளம் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். மகிழ்கிறோம். ஆனால் தோழர்களே, அவர்களுள் பிள்ளை பெற்றவளின் பால் என்ன ஆகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2017-இல் வந்த திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். எட்டையும் எடுத்தவளுக்கு மிச்சம் 18 வாரம். நான்கு மாதத்திற்குச் சற்றே அதிகம். குழந்தைக்கோ ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடையிலே விழும் இரண்டு மாதத்திற்கு யார் பொறுப்பு? பவுடர் டப்பாவா?

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்கிறது சட்டம். நல்ல சட்டம். ஆனால் ஷிப்டு பஸ்ஸில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் வரமுடியும்? பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. தாய்க்கோ மார்பில் பால் கட்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது. கழிப்பறையில் பீய்ச்சிக் கொட்டுவதுதான் அவள் கண்ட வழியென்றால், அது யாருக்கு வெட்கம்?

கொட்டவேண்டியதில்லை. கையைக் கழுவி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பீய்ச்சி வைக்கலாம். கருவி இருந்தால் நல்லது; இல்லையேல் கையே போதும். 25 டிகிரிச் சூட்டில் 4 மணி நேரம் தாங்கும். பெரம்பலூர்ச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்குச் செல்லாது, குளிர்பெட்டி வேண்டும். அதில் 4 நாள் வரை இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் வைத்த பை. அடுப்பில் காய்ச்சக்கூடாது; வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். குழந்தை குடித்து மிஞ்சியதை மறுபடி எடுத்துவைக்கலாகாது.

“இது பெண்கள் சமாச்சாரம்” என்று துண்டை உதறித் தோளில் போடும் தோழரே, அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் போட்டுக் கழுவி வைப்பது உம்மால் ஆகாத காரியமா?

2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பத்து நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுக்கு அறை உண்டு. எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன் இருப்பவளுக்கு? எந்த ஆலையையும் பெயர் சொல்லி நாம் குறைகூற வரவில்லை. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, நாற்காலி, குழாய், சிறு குளிர்பெட்டி. அங்கே செலவாகும் நேரத்திற்குக் கூலிப் பிடித்தம் கூடாது. சங்கத் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கு அடுத்த வரியாக இதை எழுதட்டும்.